திறக்காத கோப்பும் என் தங்கையின் குரலும்

கண்ணகி அம்மாளை நம்பியிருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது.

2004 மார்கழியில் வாகரையில் என் தங்கை யோகாவின் கணவரையும் மூன்று வயது மகள் கவியையும் கடல் கொண்டுபோனது. அன்றோடு அவளுடைய பேச்சும் நின்றது. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள் வைத்தியர்கள். ஆனாலும் பேசவில்லை.

அவள் தங்கியிருந்த அகதி முகாமில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. அங்கே தமிழில் டைப் பண்ணப் பழகினாள். பேசாதவள் பக்கம் பக்கமாக அடித்தாள். யாருக்கும் காட்ட மாட்டாள். வாகரையில் சண்டை மூண்டபோது, எல்லாம் பதிந்த பென்ட்ரைவை மட்டும் கழுத்தில் கட்டிக்கொண்டு செட்டிபாளையத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

நான் ஆசிரியை. 2009இல் பாட வேலைக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். அதைக் கண்டதும் அவள் முகத்தில் வெளிச்சம். உடனே பென்ட்ரைவைச் செருகினாள். கோப்பு பழுதாகிவிட்டது, திறக்க முடியாது என்று வந்தது. திரும்பத் திரும்ப முயன்றாள். பிறகு போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதன்பின் கஞ்சிகூட இறங்கவில்லை. நாளுக்கு நாள் உருகினாள். இவளையும் இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

அது வைகாசி. வானொலியில் வன்னியில் போர் முடிந்த செய்தி. எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் வருடாந்தச் சடங்கு. நான் மணலில் விழுந்து அழுதேன்.

"அம்மா, அவள்ர வாயத்தான் திறக்கல்ல. அந்தக் கோப்பையாவது திறந்து விடு தாயே."

அம்மாளின் கோபம் தணியப் பாடும் குளிர்த்திப் பாட்டைக் கேட்டபடியே கண்ணயர்ந்தேன். கனவில் வாவி அசையாமல் கிடந்தது. அதன்மேல் எழுத்துகள் மெல்ல மிதந்து வந்தன. ஒன்றுகூட நனையவில்லை. விழித்தபோது நெஞ்சில் பாரம் இல்லை.

சடங்கில் கொடுத்த குளிர்த்தித் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்து யோகாவின் மேல் தெளித்தேன். எழுந்து என்னோடு வந்தாள். களுவாஞ்சிக்குடியில் றியாஸ் என்ற காத்தான்குடித் தம்பியின் டைப்பிங் கடைக்குப் போனோம்.

"கோப்பு உடைஞ்சிருக்கு டீச்சர். பழுதுபாத்துத் திறக்கிற வழி ஒண்டிருக்கு, பாப்பம்" என்றார்.

திறந்தது. ஆனால் திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்.

"எல்லாம் அழிஞ்சிட்டா தம்பி?"

"இல்ல டீச்சர். இவங்க அடிச்ச தமிழ் எழுத்து வகை இந்த மெஷின்ல இல்ல. அதத் தேடிப் போட்டா வந்திரும். நீங்க உங்கட அம்மாள நெனைங்க, நானும் துஆ செய்றன்."

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். சட்டென்று திரை தமிழானது. முதற்சொல்லே கவி.

அவள் மகளை அந்தப் பக்கங்களில் வளர்த்துவந்திருந்தாள். கவிக்குப் பல் விழுந்தது. கவி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாள். கவி வாவிக்கரையில் மீன்குஞ்சு பிடித்தாள். நான் வாய்விட்டு வாசித்தேன். சில இடங்களில் எழுத்து அழிந்து கட்டம் கட்டமாக இருந்தது. கவியின் சட்டை நிறமும் அப்படி அழிந்திருந்தது. நானாகவே "சிவப்புச் சட்டை" என்று வாசித்தேன்.

பின்னாலிருந்து கரகரத்த ஒரு குரல்.

"சிவப்பில்லக்கா. நீலம்."

நான் திரும்பவில்லை. திரும்பினால் அந்தக் குரல் போய்விடுமோ என்று பயம். றியாஸ் தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். யோகா என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னாள். "நீலச் சட்டைக்கா. நான்தான் தைச்சன்." பிறகு அழுதாள். கடல் வந்த நாளுக்குப்பின் அவள் சத்தமாக அழுதது அன்றுதான்.

இப்போது அவள் பேசுகிறாள். குறைவாகத்தான். சாப்பிடுகிறாள். கவியைப் பற்றிக் கேட்டால் சொல்கிறாள். முன்பு நான் வழக்கத்துக்காகக் கோயிலுக்குப் போனவள். இப்போது தாய்வீட்டுக்குப் போவதுபோலப் போகிறேன்.

அடியார்களே, என்ன கேட்பதென்று தெரியாவிட்டாலும் அம்மாள் முன்னால் போய் நில்லுங்கள். நான் ஒரு கோப்பைத்தான் திறக்கச் சொன்னேன்.