சாக்ஸ் தெரிய ரெண்டு விரல்

ஊரில் பாதிப் பேர் பிழைப்புக்காக அடுத்தவர் காலைப் பிடிக்கிறார்கள். செருப்புக் கடை விற்பனையாளன் மட்டும்தான் அதைப் பட்டப்பகலில், சம்பளத்துக்குச் செய்கிறான்.

ஐம்பதுகளில் ராமநாதபுரம் அரண்மனைக் கடைவீதியில் நான் அந்த வேலை பார்த்தேன். மதராஸில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த திமிர் வேறு. "பேண்ட் நிறத்தில் சாக்ஸ், பேண்ட்டைவிடக் கொஞ்சம் கறுத்த பூட்ஸ்" என்று முதலாளிக்கே பாடம் எடுத்தேன். அவரை நச்சரித்து நாலு பெட்டி கலர் சாக்ஸ் வரவழைத்தேன். பெட்டிகளைப் பார்த்த முதலாளி கத்தவில்லை. "தீவாளிக்குள்ள வித்துரு. இல்லேன்னா முதுகுளத்தூருக்கு பஸ் ஏறி, ஒங்கய்யாகூட மொளகாப் பழம் பறிக்கப் போயிரு" என்றார். மிளகாய்க் காட்டில் நாள் பூராவும் குனிந்து நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் ஏன் அந்த நிமிஷமே பெட்டியைப் பிரித்து விற்க உட்கார்ந்தேன் என்று புரியும்.

கரை வேட்டி

திருப்புல்லாணிப் பக்கத்தில் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி ஒருவர் வந்தார். மதுரைக்குப் போய்க் கலெக்டரைப் பார்க்க வேண்டுமாம்; அப்போது எங்கள் ஜில்லாக் கலெக்டர் ஆபீஸ் மதுரையில்தான் இருந்தது. வேட்டியை விட மாட்டார், ஆனால் பூட்ஸும் சாக்ஸும் வேண்டும். என் பாடத்தில் வேட்டி கிடையாது. சமாளித்துக்கொண்டு, "வெள்ளை வேட்டிக்கு வெள்ளை சாக்ஸ்தான் பொருத்தம்" என்றேன். அவர் வேட்டி நுனியைத் தூக்கி, நாலு விரல் அகல அரக்குக் கரையை என் மூக்குக்கு நேரே காட்டினார். "பேண்ட் போடுறவனுக்கு பேண்ட் கலரு. நமக்குக் கரைதானப்பா கலரு. அரக்குல ரெண்டு சோடி எடு."

கொழும்புப் பயணம்

கீழக்கரை வியாபாரி ஒருவருக்குக் கொழும்பில் கடை. ஊரில் கைலி, அங்கே பேண்ட். பழுப்பு பேண்ட்டைப் பையில் மடித்து எடுத்துவந்து காட்டினார். பழுப்பு சாக்ஸும், கரும்பழுப்பு பூட்ஸும் எடுத்துக் கொடுத்தேன். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. தனுஷ்கோடியில் கப்பல் ஏறியவர் இரண்டு மாதம் கழித்துக் கடைக்குள் நுழைந்தபோது வெறும் செருப்போடு வந்தார். பூட்ஸ் பிய்ந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லையாம். கொழும்பில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போனபோது பள்ளிவாசலுக்கு வெளியே கழற்றி வைத்தாராம், திரும்பி வந்தால் காணோமாம். வருத்தமாக இருக்கிறதா என்றேன். "பூட்ஸ் போனா போகுது தம்பி. எடுத்துட்டுப் போனவன் அதை வெள்ளைப் பேண்ட்டுக்குப் போட்டுத் திரியிறானோன்னுதான் மனசு கெடந்து அடிச்சிக்கிருது."

தையற்கடை

இப்படி ஒன்றிரண்டு போனால் பெட்டி எப்போது காலியாகும்? தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் பேண்ட் போட்டவர்கள்தான். ஆனால் எல்லாருடைய பேண்ட்டும் தெருமண்ணைக் கூட்டிக்கொண்டு போகும். "வெளிய தெரியாத சாமானுக்கு எதுக்குய்யா கலரு?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

பக்கத்துக் கடை டெய்லர் சந்தியாகு அண்ணனிடம் போனேன். "மதராஸ்ல இப்ப எல்லாரும் ரெண்டு விரல் குட்டையாத்தான் தைக்கிறாக" என்று கூசாமல் அளந்துவிட்டேன். பாவம், நம்பிவிட்டார். ஒரே மாதத்தில் ஊரில் கணுக்கால்கள் தலைகாட்ட ஆரம்பித்தன. கணுக்கால் தெரிந்ததும் வெட்கம் வந்தது, வெட்கம் வந்ததும் என்னிடம் வந்தார்கள். மூன்றரைப் பெட்டி பறந்தது. ஆனால் துணி சுருங்கிவிட்டது என்று சண்டைக்குப் போனவர்கள் எல்லாம் சந்தியாகு அண்ணனிடம்தான் போனார்கள். ஒருநாள் கத்தரிக்கோலும் கையுமாக என் முன்னால் வந்து நின்றார். "ஏலே, ஆபீசருக எல்லாம் வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போறவுக மாதிரித் திரியிறாக. நெசமாச் சொல்லு, நீ மதராஸ்லதான் இருந்தியா?"

முதலாளி

தீபாவளிக்கு இரண்டு நாள். இன்னும் அரைப் பெட்டி மிச்சம். அன்றைக்குப் பார்த்து முதலாளி, வாழ்நாளில் முதல் தடவையாக பேண்ட் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். சாம்பல் நிறம், சந்தியாகு அண்ணன் தைத்தது. கண்ணாடி முன் நின்று தன் வெறும் கணுக்காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. வேலை போய்விட்டது, ஊரில் அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுதான் நினைப்பு. முதலாளி தானே குனிந்து, பெட்டியைக் கிளறி, ஒரு சாம்பல் சாக்ஸை எடுத்தார். மாட்டினார். திரும்பவும் கண்ணாடியில் பார்த்தார். கொஞ்சம் பிடித்துத்தான் போயிற்று அவருக்கு. "நீ ஊருக்குப் போக வேணாம். பொங்கலுக்கு பெல்ட்டு வரவழைக்கப் போறேன். இனிமே சட்டையிலயும் ரெண்டு விரல் கொறைக்கச் சொல்லு அந்த டெய்லரை."

பொருத்தமாக உடுத்துவது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நான், கடைசிவரை வேட்டியும் ரப்பர் செருப்புமாகவே வேலைக்குப் போனேன் என்பதை ஒரு வாடிக்கையாளர்கூடக் கவனிக்கவில்லை.