நாகமலை அடிவாரத்தில் ஓர் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றிய ஆறு நாள்

யுத்தம் தொடங்கி நாலாவது வருஷம், மாசி மாதம். மதுரைக்கு மேற்கே, நாகமலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு ஜில்லா போர்டு ஆஸ்பத்திரியை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நோயாளிகள் வருவதில்லையாம். "அந்த ஜனங்களுக்கு இங்கிலீஷ் மருந்தில் நம்பிக்கை இல்லை" என்று போர்டு தலைவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றில் சொன்னார். நான் எழுந்து, "யாரிடம் கேட்டீர்கள்?" என்றேன். அவர் சிரித்தார். "நீங்களே போய்க் கேட்டு வாருங்களேன். நாளை விட்டு அடுத்த திங்கட்கிழமை போர்டு கூடுகிறது. அதற்குள் கொண்டுவந்தால் படித்துப் பார்க்கிறோம்" என்றார். கேலிக்குச் சொன்னதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட விசாரணைக்குப் போக விரும்பும் இளைஞர்கள் சிலர் எங்கள் வாசகசாலைக்கு வந்து வழி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாதை, செலவு, நாங்கள் செய்த முட்டாள்தனம் எல்லாவற்றையும் சொல்கிறேன். ஊரின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். எங்களிடம் மனம் விட்டுப் பேசியவர்கள் நாளைக்கும் அதே ஊரில் கூலிக்குப் போயாக வேண்டும்.

என்னோடு வந்தவன் காதர். காஜிமார் தெருப் பையன், என் வகுப்புத் தோழன். அவன் அத்தாவுக்கு அத்தர் கடை. திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு நகரத்தின் மேற்குப் பக்கம் கரி பஸ் பிடித்தோம். ஆளுக்கு இரண்டரை அணா. நாகமலை புதுக்கோட்டை வரை ஆறு மைல்தான். ஆனால் கரிப்புகையில் ஓடும் வண்டிக்கு அது ஒன்றேகால் மணி நேரம்.

"மேடு வந்தா எறங்கித் தள்ளணும்ணே" என்றார் டிரைவர்.

"அப்ப டிக்கெட்டு எதுக்கு?" என்றான் காதர்.

"தள்ளுறதுக்குத்தான் மாப்ள டிக்கெட்டு. ஒக்காந்து வாரது ஓசி."

இரண்டு இடத்தில் தள்ளினோம். புதுக்கோட்டையில் இறங்கி, கீழக்குயில்குடிக்குப் போகும் வண்டிப் பாதையில் ஒன்றரை மைல் நடந்து, இடது கைப்பக்கம் பிரியும் தடத்தில் இன்னும் அரை மைல் போனால் அந்த ஊர். தடத்தில் நிழல் கிடையாது. ஒன்பது மணிக்கு முன்பே நடந்துவிடுங்கள்.

முதல் நாள் நாங்கள் செய்தது முழுத் தவறு. சாவடியில் மணியக்காரர் நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார். கணக்குப்பிள்ளை வீடுகளின் பட்டியலைக் கொண்டுவந்தார். நாங்கள் பெயரைப் படிக்க, மணியக்காரரே எல்லா வீட்டுக்கும் பதில் சொன்னார். "அவன் வீட்ல யாருக்கும் நோவு கெடையாது. எழுதுங்க. அடுத்தது?" மாலைக்குள் நாற்பது வீட்டுக் கணக்கு முடிந்துவிட்டது. எவ்வளவு சுலபமான வேலை என்று நான் பூரித்துப்போனேன். திரும்பும் பஸ்ஸில் காதர் கேட்டான்: "ஏன்டா, வரும்போது ஓடைக்கு அங்கிட்டு ஒரு தெரு பாத்தோமே, அது இந்தப் பட்டியல்ல இருக்கா?"

இல்லை. தெற்குத் தெரு என்று ஊரார் சொல்லும் சேரி, பட்டியலில் ஒரு வரியாகக்கூட இல்லை. ஊர் என்று கேட்டால் ஊரைத்தான் காட்டுவார்கள். சேரி அவர்கள் கணக்கில் ஊர் அல்ல. வயல் முழுவதும் அந்தத் தெருவின் உழைப்பு, பட்டியலில் மட்டும் அந்தத் தெருவுக்கு இடமில்லை. இளநீர் குடித்த வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது. நாற்பது வீட்டுக் கணக்கையும் பஸ்ஸிலேயே கிழித்தேன்.

செவ்வாய்க்கிழமை சாவடிப் பக்கம் போகாமல் ஓடையைத் தாண்டினோம். பகலில் எல்லோரும் அறுப்பில் இருந்தார்கள். பேச்சி என்ற பெண் மட்டும் வீட்டில் இருந்தார். முப்பது வயதிருக்கும். நாலு வயது மகள் சாக்குக்குள் சுருண்டு குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "சாமி, யாரத் தேடி வாரீக?" என்று எழுந்தார்.

"சாமி எல்லாம் வேண்டாம்க்கா, தம்பின்னு சொல்லுங்க" என்றேன்.

"தம்பின்னா உங்க வீட்டாளுக வந்து அடிக்க மாட்டாகளா?" என்று சிரித்தார்.

பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லையா என்று கேட்டேன்.

"போவேன். வியாழக்கெழம."

"இன்னைக்கு செவ்வாய்தானே? ரெண்டு நாள் எதுக்குக் காத்திருக்கணும்?"

எங்களை மூளையில்லாதவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பாட்டிலு இப்ப மாரியக்கா வீட்லல்ல இருக்கு? அவுக மருந்து குடிச்சு முடிக்கணும்ல? பாதி மருந்த எங்கிட்டு ஊத்தி வைக்க?"

காதருக்கு உடனே புரிந்துவிட்டது. பாட்டில்களுக்கு நடுவே வளர்ந்தவன். "இந்தத் தெருவுக்கு எத்தன பாட்டில்க்கா?"

"ஒண்ணுதேன். அஞ்சு வருசமா அதேதேன்."

போர்டு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், ஆனால் பாட்டில் நோயாளி கொண்டுவர வேண்டும். தெரு முழுவதற்கும் ஒரே பாட்டில். ஒரு வீட்டுக்காரர் மருந்து வாங்கினால் மூன்று நாள் அது அந்த வீட்டு உறியில் தொங்கும். முடிந்ததும் கழுவி, அடுத்து நோவு கண்ட வீட்டுக்குக் கொடுப்பார்கள். முறை தப்பியதாகச் சண்டை வந்ததே இல்லை என்று பேச்சி பெருமையாகச் சொன்னார். யுத்தத்தால் பழைய பாட்டில் ஒன்று டவுனில் நாலு அணா விற்கிறது. அவர் ஒரு நாள் கூலி அதற்குக் கீழே.

"மண் கலயத்துல வாங்கக் கூடாதா?" என்றேன்.

"கம்பவுண்டரு ஊத்த மாட்டாரு தம்பி. வேளைக்கு எம்புட்டுன்னு கோடு போட்ட காயிதம் ஒட்டுவாருல்ல, அது கலயத்துல ஒட்டாதாம். பாட்டிலயும் திண்டுல வச்சுட்டு நாங்க தள்ளி நிக்கணும். காயிதமும் நாங்களே ஒட்டிக்கிறணும்."

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் காதர் தன் அத்தா கடையிலிருந்து ஒரு காலிப் பன்னீர்ப் பாட்டிலோடு வந்தான். பேச்சி மகளைத் தூக்கிக்கொண்டு எங்களோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். முக்கால் மைல். மருந்து கிடைத்தது. ஆனால் குளிர்காய்ச்சல் மூன்று நாள் மருந்தில் போகாது; வாரக்கணக்கில் குடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியை மூடிவிட்டால் அந்தப் பிள்ளையைச் சுமந்துகொண்டு எட்டு மைல் டவுனுக்கு வர வேண்டும். வரும் நாளெல்லாம் கூலி போய்விடும். திங்கட்கிழமைக் கூட்டத்தின் அர்த்தம் பேச்சிக்கு அதுதான்.

கம்பவுண்டரிடம் பதிவு நோட்டைக் கேட்டு வாங்கினோம். தெற்குத் தெருவிலிருந்து ஒரு பெயர். மூன்று நாள் கழித்து இன்னொரு பெயர். ஒரே நாளில் இரண்டு பெயர் எங்குமே இல்லை.

"அதுல என்ன சார் பாக்கிறீக?" என்றார் கம்பவுண்டர். "அவுகளுக்கு நோயே வராது. கல்லத் தின்னாலும் செரிக்கிற ஒடம்பு."

"அண்ணே, பாட்டில் இல்லாம வாரவுகள என்ன செய்வீக?" என்றான் காதர்.

"திருப்பி அனுப்பிருவேன்."

"அவுக பேரு நோட்டுல ஏறுமா?"

"மருந்தே வாங்காதவுக பேரு எதுக்குய்யா ஏறணும்?"

இந்த நோட்டைப் பார்த்துத்தான் போர்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசியது. அவர்கள் எண்ணியது நோயாளிகளை அல்ல, பாட்டில்களை.

மீதி மூன்று நாளும் சுற்றுப்பட்டில் இன்னும் இரண்டு சேரிகளுக்குப் போனோம். ஆட்கள் வயலிலிருந்து திரும்பும் மாலை நாலரை மணிக்கு மேல் வாசலில் உட்கார்ந்து கேட்டோம். "ஆஸ்பத்திரிக்குப் போவீர்களா?" என்று கேட்பதை விட்டு, "பாட்டில் இப்போது யார் வீட்டில்?" என்று கேட்டோம். இரண்டு இடத்திலும் தயங்காமல் கை காட்டினார்கள். சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வீடு வந்து, ஞாயிறு முழுவதும் நாலு பக்கம் எழுதினேன்.

போர்டு கூட்டத்தில் தலைவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு பாட்டிலுக்கா இம்புட்டு?" என்றார். பட்டுத் துண்டு போட்ட ஓர் அங்கத்தினர், "பாட்டில் கொடுத்தால் வித்துருவாங்க, இல்ல ஒடச்சுருவாங்க" என்றார்.

நான் அடக்கிக்கொள்ளவில்லை. "அந்தத் தெருவில் ஒரே பாட்டில் அஞ்சு வருஷமா வீட்டுக்கு வீடு கைமாறுது. கீறல் விழல. உங்க வீட்ல அஞ்சு வருஷம் ஒடையாத பாட்டில் ஒண்ணு கொண்டாந்து காட்டுங்க."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. நோட்டிலிருந்து நாங்கள் பிரதி எடுத்த பக்கத்தை மறுபடி பார்த்தார். பிறகு தீர்மானம் எழுதச் சொன்னார்: ஆஸ்பத்திரி நடக்கும்; இரண்டு டஜன் பாட்டில் அங்கேயே இருக்கும், கழுவித் திருப்பிக் கொடுத்தால் போதும்; திரும்பிப் போகிறவர் பெயரும் இனி நோட்டில் ஏறும். பாட்டிலைத் திண்டில் வைக்கச் சொல்லும் வழக்கத்தைப் பற்றி நான் எழுதிய பத்தியை மட்டும் யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. அதற்கு இன்னொரு சண்டை போட வேண்டும். போடுவோம்.

ஆனாலும் பெருமையாகத்தான் வெளியே வந்தேன், மறைக்கமாட்டேன். ஆறு நாள், இரண்டு பேர், பஸ்ஸுக்கு ஆளுக்குப் பதினைந்து அணா வீதம் போக, அதே அளவு வர. ஒரு சர்க்கார் கமிட்டி ஆறு மாதத்தில் கேட்காத கேள்வியை நாங்கள் கேட்டோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மணியக்காரருக்குக் கும்பிடு போடுங்கள், அவர் நாற்காலியில் உட்காராதீர்கள். கணக்குப்பிள்ளையின் பட்டியலை நம்பாமல் உங்கள் காலால் நடந்து வீட்டை எண்ணுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் எந்தத் தெருவிலும் வாங்கிக் குடியுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் பேசுவார்கள். பென்சில் போதும், மைக்கூட்டோடு அலையாதீர்கள். முக்கியமாக, எழுதியதைப் போர்டுக்குக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், அந்த ஜனங்களிடமே திரும்பிப் போய்ப் படித்துக் காட்டுங்கள்.

நாங்கள் பங்குனி முதல் வாரம் போனோம். பேச்சியின் மகள் ஓடை மணலில் ஓடிக்கொண்டிருந்தாள். ஏழெட்டுப் பெண்கள் கூடினார்கள். நாலு பக்கத்தையும் வாசித்தேன். "கம்பவுண்டரிடம் இவர்களுக்கு இருக்கும் பயம் காரணமாக" என்ற இடம் வந்ததும் பேச்சி கையை நீட்டி நிறுத்தினார்.

"யாருக்குப் பயம்?"

"உங்களுக்குத்தான்க்கா."

"எனக்கு அந்தாளுகிட்ட என்னத்துக்குப் பயம்? புள்ளைக்கு மருந்து வேணுமேன்னு வாய மூடிக்கிட்டு நின்னேன். அதுக்குப் பேரு பயமா?" சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். "கோவம்னு எழுது தம்பி."

பென்சிலை எடுத்து அடித்துவிட்டு, அப்படியே எழுதினேன். போர்டு ஆபீசில் இருக்கும் பிரதியிலும் மறுநாள் போய்த் திருத்திவிட்டேன்.