உளுந்துச் சாலையில் ஓர் இயர்பிளக் சோதனை

பைக்கில் கழுகுமலைக்குப் போய்வந்தால் காற்று இரைச்சல் அன்று முழுக்கக் காதில் நிற்கும். அதனால் நான்கு வகை இயர்பிளக் வாங்கிச் சோதித்தேன். ஹெல்மெட் அழுத்தினாலும் வலிக்காமல், எல்லாச் சத்தத்தையும் அடைத்த மெத்தென்ற ஃபோம்தான் பிடித்தது.

அதை மாட்டிப் போன ஒரு காலையில், வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று சாலையில் உளுந்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். அதைக் கிளறிக்கொண்டிருந்த ஓர் அக்கா “மெதுவா வா!” என்று கத்தியது எனக்குக் கேட்கவில்லை. வேகமாக ஏறியதும் வண்டி சறுக்கியது. அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தேன்.

“ஏலே, தொண்ட கிழியக் கத்துதேன், காதுல என்னத்தல அடைச்சிருக்க?”

“இதத்தான்க்கா.” கழற்றிக் காட்டினேன். கோபத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெட்கத்தை ஆர்வம் முந்தியது. பையிலிருந்த மற்ற மூன்றையும் எடுத்தேன். “அங்கன நின்னு இன்னொரு தடவ ஏசுங்கக்கா.”

எஞ்சினை உறுமவிட்டு ஒவ்வொன்றாக மாட்டினேன். “ஒனக்கு எவம்ல லைசென்ஸ் குடுத்தான்?” நடுவே துளையுள்ள ரப்பர் ஜோடியில்தான் அது சொல் பிசகாமல் கேட்டது.

எது கேட்கக்கூடாது என்று மட்டுமே அதுவரை தேடியிருந்தேன். இப்போது ரப்பர்தான் போடுகிறேன். கொஞ்சம் காற்று இரைகிறது, இரையட்டும்.