புளி போட்டுத் தேய்த்த பாண்டியர் காசு

பழங்காசு சேர்ப்பவனுக்கு அரிய காசு கிடைத்தால் தேய்ந்திருக்கும். தேயாமல் கிடைத்தால் விலை எட்டாது. இரண்டுக்கும் நடுவே எனக்கு வாய்த்தது ஒரே ஒரு முறைதான்.

சிங்கப்பூரில், தோ பாயோ வட்டாரத்தில் ஓர் அக்கா, இறந்துபோன தன் கணவரின் சேகரிப்பை விற்றுக்கொண்டிருந்தார். அதில் ஒரு பாண்டியர் செப்புக் காசு. பச்சை படிந்திருந்தாலும் இரட்டை மீன் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பச்சைதான் காசைக் காக்கும் தோல் என்று எனக்குத் தெரியும். விலை இருநூறு சிங்கப்பூர் வெள்ளி என்றார். பையில் பணம் இருந்தது. ஆனாலும் உதட்டைப் பிதுக்கினேன்.

"பச்சை பிடிச்சுப் போச்சுக்கா. கண்டிஷன் சரியில்ல லா. விலையை யோசிச்சு வைங்க, நாளைக்கு வர்றேன்."

மறுநாள் அக்கா சிரித்தபடி கைக்குட்டையைப் பிரித்தார். காசு பளபளத்தது.

"நீங்க சொன்னீங்கள்ல தம்பி, குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு, கம்பி நாரால நல்லா தேய்ச்சுட்டேன். இப்ப கண்டிஷன் ஓகேவா?"

மீன் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றேன். பேரம் பேசாமல் இருநூறையும் கொடுத்தேன்.

என் பெட்டியில் மின்னுகிற காசு அது ஒன்றுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். என்ன காசு என்று கேட்கும்போது பேச்சை மாற்றிவிடுகிறேன்.