எல்லோருக்கும் கறுப்புக் கவர்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணிக்குப் பாராட்டு வருவது அபூர்வம். அதனால் ஒருமுறைதான் சொல்வேன், கேட்டுக்கொள்ளுங்கள். என் அண்ணி மருந்துக்கடை வைத்திருக்கிறாள். கல்லாவில் நான். அவளுக்கு வாய் நீளம், பிடிவாதம் அதைவிட நீளம். கடையின் ஒரே மின்விசிறி அவள் பக்கமே திரும்பி நிற்கும். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை மருந்துக்கடைகளிலும் கொடுக்கலாம் என்று அனுமதி வந்ததும், அண்ணி பயிற்சிக்குப் போய் வந்தாள். அதுவரை பெரிய ஆஸ்பத்திரிதான் கதி. அங்கே இதற்கென்று தனி பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் வருகிறவன் போகிறவனெல்லாம் உற்றுப் பார்த்துவிட்டுப் போவான்.

"தலைவலின்னா என்கிட்டதானே வர்றாங்க? இதுக்கும் வரட்டுமே," என்றாள் அண்ணி. பின்னால் இருந்த சரக்கு அறையை ஒழித்து, இரண்டு நாற்காலி போட்டு, விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சோதிக்க இடம் செய்தாள்.

முதலில் வந்தவள் எதிர்வரிசைத் தையல்காரி. அவள் கணவருக்குத் தொற்று இருப்பது அப்போதுதான் தெரிந்திருந்தது. அவர் சிகிச்சை தொடங்கிவிட்டார். அவர் உடம்பில் கிருமி அடங்கும்வரை இவள் தினமும் மாத்திரை போட்டாக வேண்டும். மாமியாருக்கு விஷயம் தெரியாது. தெருவுக்குத் தெரியவே கூடாது. சோதனையில் அவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்ததும், "அக்கா, இப்பதான் மூச்சே வருது," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது நாங்கள் ஒரு முட்டாள்தனம் செய்தோம். மாத்திரையைக் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தோம். மற்ற மருந்தெல்லாம் பழுப்புக் காகித உறையில் போகும். நாப்கின், ஆணுறை, வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற எதுவானாலும் கறுப்பு. மறைக்கிறோம் என்று நினைப்பு. உண்மையில் தெருவெல்லாம் தண்டோரா போட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த முறை அவள் வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது, கட்டடச் சொந்தக்காரர் எதிரே வந்தார். ஊர் வம்பு இல்லாவிட்டால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது.

"என்னம்மா, கறுப்புக் கவரா? என்ன சமாச்சாரம்?" என்று தெருவே கேட்கும்படி சிரித்தார்.

அவள் முகம் செத்துவிட்டது. திரும்பி வந்து கவரை என் முன்னால் வைத்தாள். "அப்புறம் வரேன் அக்கா," என்று ஓடினாள். அன்று மாலை வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அவள் வைத்துவிட்டுப் போன கவரைக் கையில் எடுத்தேன். "அண்ணி, நான் போய்க் குடுத்துட்டு வரட்டுமா?"

"நீ போனா மாமியார் கேப்பாங்க, யாருக்கு என்ன மருந்துன்னு. அவளா வரணும்டி. வர்ற மாதிரி நாமதான் பண்ணணும்."

"அதுக்குள்ள அவகிட்ட இருக்கறது தீர்ந்துடுமே!"

அண்ணி எழுந்தாள். பழுப்பு உறைக் கட்டை எடுத்துப் பரண்மேல் வீசினாள்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் கறுப்புக் கவர்தான். இருமல் மருந்து, குழந்தைப் பவுடர், சீப்பு, பல்பசை, எல்லாம். வாத்தியார் ஒருவர் கண் சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு நெளிந்தார். "என்னம்மா இது, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"கண்ணு வலின்னு நினைப்பாங்க, சார்," என்றாள் அண்ணி.

இரண்டே நாளில் தெரு முழுக்க எங்கள் கறுப்புக் கவர். தையல்காரி மிஷின் முன்னால் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை எங்கள் கடையில் கிடைப்பது எப்படியோ காதில் விழுந்து, மூன்றாம் நாள் சொந்தக்காரர் பாய்ந்து வந்தார். "கண்ட கண்ட ஆளுங்க வர்ற இடமாப் போச்சு இது. அந்த மாத்திரையை நிறுத்து. இல்ல, கடையைக் காலி பண்ணு!"

நான் கல்லாவை இழுத்து மூடினேன். அண்ணி அசையவில்லை.

"பண்றேன். எதிர்லயே வேற கடை பிடிச்சு இதே மாத்திரையைக் குடுப்பேன். மருந்து வாங்க ஒருத்தி வந்தா, வாசல்ல நின்னு சிரிக்கறீங்களே, வெக்கமா இல்ல? சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் குரல் பொசுக்கென்று இறங்கியது. "அது... வழக்கமான களிம்புதான்." மூலத்துக்கு. அது ரொம்ப காலமாகவே கறுப்புக் கவரில்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரி உள்ளே வந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு. "இருங்க," என்று அவரை நிற்க வைத்துவிட்டு, அண்ணி மறுபடி ரத்தம் சோதிக்க அவளைப் பின்னறைக்கு அழைத்துப் போனாள். நான் நகத்தைக் கடித்தேன். கடவுளே, இவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. கடைசியில் அண்ணி திரையை விலக்கி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது எனக்கு.

இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கறுப்புக் கவர் கொடுத்தேன். இருவரும் ஒன்றாகப் படியிறங்கினார்கள். தையல்காரி கடைசிப் படியில் நின்று திரும்பினாள்.

"என்ன ஐயா, கறுப்புக் கவரா? என்ன சமாச்சாரம்?"

தெருவே திரும்பிப் பார்த்தது. மனிதர் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். மறுபடியும் கடையைக் காலி செய்யச் சொல்வாரோ என்னவோ. சொல்லட்டும், பார்த்துக்கொள்ளலாம். அவள் தன் கவரைக் கையில் வீசிக்கொண்டு, நிதானமாகத் தெருவைக் கடந்து மிஷினுக்குப் போனாள்.