பூங்காவைப் பூட்டும் நாய்

எங்கள் சித்தியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. விசில் சித்தி என்றால் போதும், வீட்டைக் காட்டிவிடுவார்கள். பூங்காவில் காவல் வேலை. நீலச் சட்டை, கழுத்தில் ஒரு விசில், இடுப்பில் ஒரு விசில். இரண்டாவது எதற்கு என்று கேட்டால், "முதல் விசில் காணாம போனா, ஊதித் தேடுறதுக்கு" என்பாள். எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துவிட்டோம்.

காலை பத்து மணிக்குப் பூங்காவைப் பூட்ட வேண்டும். அப்புறம்தான் செடிக்குத் தண்ணீர் விடுவார்கள். சித்தியின் முழங்கால் இரண்டும் துருப்பிடித்த கதவு மாதிரி, அசைந்தால் சத்தம் போடும். அதனால் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீளமாக ஒரு ஊது ஊதுவாள். மிச்சத்தை அரைக்காது பார்த்துக்கொள்ளும்.

அரைக்காது தெருநாயாக இருந்தது. வலது காதில் பாதி இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் சித்தியின் நாற்காலிக்கு அடியில் வந்து படுத்தது. சித்தி நாற்காலியை நகர்த்தவில்லை. தத்தெடுப்பு அவ்வளவுதான். பிறகு ஊசி போட்டு, கழுத்தில் பட்டை கட்டி, தன் ஒற்றை அறைக்குக் கூட்டிப்போனாள். தினமும் இரண்டு பேரும் சேர்ந்தே வேலைக்கு வருவார்கள்.

விசில் கேட்டதும் அரைக்காது எழுந்து சோம்பல் முறித்து, பெஞ்ச் பெஞ்சாகப் போகும். குரைக்காது. முழங்காலில் மூக்கால் ஒரு தள்ளு. அசையாதவர்களுக்கு இன்னொரு தள்ளு. செருப்பைக் கழற்றிப் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு உள்ளங்காலில் ஒரு நக்கு. ஐந்து நிமிடத்தில் பூங்கா காலி. தாங்களாகவே கிளம்புகிறோம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் வாசல் கம்பியில் ஒரு தாள் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம், இனி பூங்காவுக்குள் எந்த நாயும் வரக்கூடாது என்று தீர்மானம். கொண்டுவருபவர் சங்கச் செயலாளர்.

சித்தி இரண்டு முறை படித்தாள். "அது வரலேன்னா நானும் வரல. நாள் பூரா ரூமுல கட்டிப்போட்டுட்டு வர நான் என்ன கல்லா?"

"வேலைய விட்டுட்டு என்ன பண்ணுவ?"

"உன்ன மாதிரி ஊர் சுத்துவேன்."

சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் மூன்று கரண்டி சர்க்கரை போடுகிறவள் அன்று வெறும் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மரத்தடியில் இருபது பிளாஸ்டிக் நாற்காலி. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். சித்தியின் இடுப்பு விசில் என் சட்டைப்பைக்குள் எப்படி வந்தது என்பதைக் கடவுள்தான் சொல்ல வேண்டும்.

"நாய்னா நாய்தான்," என்றார் செயலாளர். "தத்து எடுத்தா மட்டும் பல்லு உதிர்ந்துடுமா? சரி, ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

ஊதினேன்.

வாசலில் சித்தி திடுக்கிட்டுத் தன் கழுத்து விசிலைத் தொட்டுப் பார்த்தாள். அரைக்காது எதையும் யோசிக்கவில்லை. வேலை என்றால் வேலை. முதல் வரிசையில் ஒரு தள்ளு, இரண்டாம் வரிசையில் ஒரு தள்ளு. ஒருவர் எழுந்தார், பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். வாதாடிக்கொண்டே நடந்தார்கள். கை தூக்கியவர் கையைத் தூக்கியபடியே போனார். கடைசியாகச் செயலாளர். அவர் பக்கத்தில் மட்டும் அது போகவில்லை. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, அவரையே பார்த்தது. அவரும் எழுந்து நடந்தார்.

வாசலுக்கு வெளியே வந்து நின்ற பிறகுதான் சங்கத் தலைவி பல் டாக்டரம்மாவுக்கு உறைத்தது.

"ஆமா, நாம எல்லாம் ஏன் வெளிய நிக்கிறோம்? மணி பத்துகூட ஆகலையே!"

கம்பிக்கு உள்ளே அரைக்காது வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடப்பாவி! தினமும் எங்கள வீட்டுக்கு அனுப்புறது நீதானா?"

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாரையும் தள்ளுச்சு. என்ன மட்டும் ஏன் தொடல?"

"உங்களுக்குப் பயம்னு அதுக்குத் தெரியும் சார்," என்றாள் சித்தி. "என்னைக்குமே உங்ககிட்ட ஒரு முழம் தள்ளித்தான் நிக்கும்."

அவர் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டார். "ஏழு வயசுல ஒண்ணு கடிச்சுது. எங்க வீட்டுலயே யாருக்கும் அந்தப் பயம் புரிஞ்சதில்லம்மா."

எல்லோரும் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தார்கள். புதுத் தீர்மானத்தைச் சொன்னவரும் செயலாளர்தான். ஊசிச் சீட்டும் கயிறும் இருந்தால் எந்த நாயும் வரலாம், தெருவில் இருந்து எடுத்து வளர்ப்பதும் வரலாம். ஊஞ்சல் பக்கம் மட்டும் கூடாது. பூட்டும் நேரத்தில் அரைக்காதுக்குக் கயிறு வேண்டாம், அது வேலையில் இருக்கிறது. இருபது கையும் உயர்ந்தன.

கூட்டம் கலைந்ததும் சித்தி என் காதைப் பிடித்துத் திருகினாள். "அடியே, எனக்கு ஒரு அரைக்காது போதும். விசில எடு." அன்று என் டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டாள். வாயில் வைக்க முடியவில்லை. முழுசும் குடித்தேன்.

இப்போதும் தினமும் கடைசியாக வெளியே போகிறவர் செயலாளர்தான். "வர்றேன், வர்றேன், அவசரப்படுத்தாத" என்று திட்டிக்கொண்டே நடப்பார், பின்னால் ஒரு முழம் தள்ளி அரைக்காது வரும். போன வாரம் நான் நின்று அளந்து பார்த்தேன். அரை முழம்தான் இருக்கும்.