இடது கையால் கட்டிய கூடு

வலது கை போன அன்று தவராசா சம்பூர்க் கரைக்கு வெளியே கடலில் நின்றான். சூடை மீன் கூட்டமொன்று படகுக்குக் கீழே திரும்பிக்கொண்டிருந்தது. கையிலிருந்த வெடியின் திரியைக் கொளுத்திவிட்டு, மீன் இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும் என்று பார்த்தான். எறிவதற்கு முன்பே வெடி கையில் வெடித்தது. மணிக்கட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை. முகத்திலும் நெஞ்சிலும் தோல் கிழிந்து தொங்கியது. படகின் ஓரத்தில் தெறித்த இரத்தத்தை அலை வந்து கழுவுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். வலி பிறகுதான் வந்தது.

அன்று ஒரு மீனும் சாகவில்லை. மற்ற நாட்களில் வெடி தண்ணீருக்குள் போய் வெடிக்கும். வயிறு பிளந்த மீன்கள் மிதக்கும். அதைவிடக் கூடுதலானவை அடியில் தாழ்ந்துபோகும். மிதந்ததை அள்ளிக்கொண்டு கரைக்கு வருவார்கள்.

படகு சுகிர்தனுடையது. எஞ்சினைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தவனும் அவன்தான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடி ஒரே முகாமில் இருந்து, திரும்பி வந்து ஒரே படகில் தொழில் செய்தவர்கள். சுகிர்தன் தன் சாரத்தைக் கிழித்து மொட்டைக் கையை இறுக்கிக் கட்டினான். ஆட்கள் புழங்காத இடமாகப் பார்த்துப் படகைக் கொண்டுவந்து, தவராசாவைத் தாழம் பற்றைக்குப் பக்கத்தில் மணலில் கிடத்தினான்.

"பொலிஸ் கேட்டால் பன்றிவெடி எண்டு சொல்லு. படகைப் பற்றி வாய் திறந்தியோ, மற்றக் கையும் இருக்காது," என்று சொல்லிவிட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

விறகு பொறுக்க வந்த பெண்ணொருத்தி கண்டிராவிட்டால் தவராசா அந்த மணலிலேயே முடிந்திருப்பான். அவனுடைய மனைவி புஷ்பவதி ஓடிவந்து, ஓட்டோவில் தலையை மடியில் வைத்துக்கொண்டு மூதூருக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து திருகோணமலைக்கு அனுப்பினார்கள். காட்டுப்பன்றியைக் கொல்ல யாரோ இரைக்குள் ஒளித்துவைத்த வெடியைத் தெரியாமல் தூக்கிவிட்டதாகத் தவராசா பொலிசுக்குச் சொன்னான். அதை அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

கை இருந்த காலத்தில் அவன் அடிகாரன் என்று பேரெடுத்தவன். மீன் ஏலத்தில் வாக்குவாதப்பட்ட ஒருவனுடைய முன்பற்களைத் துடுப்பால் உடைத்திருக்கிறான். வீட்டில் புஷ்பவதிக்கும் அடி விழுந்திருக்கிறது. அவளுடைய இடது புருவத்தில் மயிர் முளைக்காத ஒரு கோடு உண்டு. அது அவன் தூக்கி அடித்த கதிரையின் காலால் வந்தது.

ஆசுபத்திரியால் வந்த பிறகு ஒருநாள் சோறு குழைந்துபோனதற்காகப் பழைய பழக்கத்தில் வலது கையை ஓங்கினான். துணி சுற்றிய மொட்டை அவளுடைய முகத்துக்கு நேரே நின்றது. புஷ்பவதி விலகவில்லை.

"அடியுங்கோ. அதால அடிச்சால் உங்களுக்குத்தான் நோகும்," என்றாள்.

அவன் குசினியைவிட்டு வெளியே போய், நெற்றியைப் பூவரச மரத்தில் மோதினான். தோல் கிழியும்வரை மோதினான். அவள் போய்த் தடுக்கவில்லை. குழைந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

"நாங்கள் கோழி வளப்பம்," என்றாள்.

"கோழியோ?"

"ஓம். நான் கச்சான் தோட்டத்துக்கு வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வாறன். அதுவரைக்கும் நீங்கள் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள். இப்பிடியே இருந்தால் ஒருநாளைக்கு என்னைக் கொல்லுவியள், இல்லாட்டி உங்களைக் கொல்லுவியள். ஒரு கூட்டைக் கட்டுங்கோ."

"ஒரு கையால ஏலாது."

"கட்டிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ."

இருவரும் அதற்குமுன் ஒரு கோழிகூட வளர்த்தவர்களில்லை. முகாமில் இடமிருக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு கடல் போதுமாக இருந்தது. குறிஞ்சாக்கேணியில் ரிப்கா என்ற பெண் ஊர்க்கோழிக் குஞ்சு கொடுக்கிறாள் என்று தோட்டத்தில் யாரோ சொல்ல, இரண்டுபேரும் பஸ் ஏறிப் போனார்கள்.

களப்புத் தண்ணீருக்குப் பக்கமாக இருந்த அந்த வளவுக்குள் அவர்கள் நுழைந்தபோது ரிப்கா குழி வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோழிகள் குவியலாகக் கிடந்தன. எல்லாவற்றினுடைய கழுத்தும் கடித்துக் குதறப்பட்டிருந்தது. மண்ணெல்லாம் இறகும் இரத்தமும்.

"வாங்க. நல்ல நாள் பாத்துத்தான் வந்திருக்கீங்க," என்றாள் அவள். "விடியக்குள்ள கீரி பூந்திட்டு."

குவியலுக்குள் ஒரு பேடு சிறகடித்தது. அதற்கு உயிர் இருந்தது. ரிப்கா அதை இழுத்தெடுத்துக் காலால் சிறகை மிதித்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ சொல்லிக் கத்தியை ஒரே இழுவையாக இழுத்தாள். அது அடங்கியதும் குழிக்குள் போட்டாள்.

"ஒண்டையாவது முழுசாத் திண்டிருந்தா மனசு ஆறியிருக்கும். கடிச்சுக் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு பாருங்க."

தவராசா குழிக்குள் பார்த்தான். தன் மொட்டைக் கையை மற்றக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எதால வந்தது, ராத்தா?" என்று புஷ்பவதி கேட்டாள்.

"கீழால. மண்ணைத் தோண்டிக்கிட்டு. கம்பி வலையை மண்ணுக்குள்ள ஒரு முழம் இறக்கணும். நான் சோம்பல்ல விட்டுட்டன். ரெண்டு விரல் போற இடைவெளி இருந்தாக் காணும், அதுக்கு அது வாசல்." அவள் மண்வெட்டியால் மண்ணைத் தள்ளினாள். "பின் கொட்டில்ல அடைக்கோழி தப்பிட்டு. குஞ்சு தரலாம். ஆனா முதல்ல கூட்டைக் கட்டிட்டு வாங்க. கூடில்லாத வீட்டுக்குத் தர மாட்டன். கீரிக்குச் சோறு போட நான் குஞ்சு பொரிக்க வைக்கல்ல."

வந்த அடுத்தநாளே தவராசா வேலையைத் தொடங்கினான். அலவாங்கை இடது கையால் பிடித்து, வலது முழங்கை மடிப்புக்குள் கொடுத்து, உடம்பு முழுவதையும் சேர்த்துக் குத்தினான். மண் இறுகிக் கிடந்தது, கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. குழி ஒரு முழம் போவதற்குள் முழங்கைத் தோல் உரிந்து சட்டை ஒட்டிக்கொண்டது. ஆணியைக் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு சுத்தியலால் அடித்தான். பாதி அடி காலில் விழுந்தது. ஒருமுறை பலகை நழுவாமல் மொட்டைக் கையால் அழுத்தும்போது அடி நேரே அதன்மேலேயே விழுந்தது. தையல் பிரிந்த இடத்திலிருந்து இரத்தம் பலகையில் சொட்டியது. அவன் ஊளையிட்டான். சுத்தியலைத் தூக்கிக் கட்டிய பக்கத்தையே அடித்து நொறுக்கினான். பலகை பிளந்து, ஆணிகள் தெறித்து, ஒரு பக்கம் முழுவதும் சரிந்து விழும்வரை அடித்தான்.

வேலையால் வந்த புஷ்பவதி அதைப் பார்த்தாள். ஆணிகளைப் பொறுக்கி, கல்லில் வைத்து நிமிர்த்தினாள்.

"வலப்பக்கம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "இடப்பக்கத்தைத் திருப்பி அடியுங்கோ."

கூடு எழும்பப் பல கிழமைகள் எடுத்தது. மாரித் தண்ணீர் ஏறாதபடி நான்கு கால்களில் தூக்கி, மேலே தகரம் போட்டு, அதைச் சுற்றிக் கோழிகள் மேய ஒரு சிறு முற்றத்துக்குக் கம்பி வலை அடித்தான். வலையின் அடியைச் சொன்னபடி ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்துக் கல் வைத்து இறுக்கினான். முடிந்த அன்று கூட்டைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு விரலை விட்டுப் பார்த்தான். ஒன்றுக்குள்ளும் போகவில்லை. அன்றைக்கு அவன் புஷ்பவதியிடம் தேத்தண்ணி கேட்டவிதம் வேறாக இருந்ததென்று அவள் பிறகு சொன்னாள்.

குஞ்சுகளைக் காட்போட் பெட்டியொன்றில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார்கள். தவராசா பெட்டியை மடியில் வைத்து, வளைவுகளில் மொட்டைக் கையால் அணைத்துக்கொண்டு வந்தான்.

சுகிர்தன் வந்தது அதற்கு அடுத்தநாள் காலையில். அவனோடு இன்னும் இரண்டு பேர். புஷ்பவதி வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். தவராசா கூட்டு முற்றத்தில் குந்தியிருந்து குஞ்சுகளுக்கு அரிசிக் குறுணல் போட்டுக்கொண்டிருந்தான்.

"நேவி என்ர படகைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டுது," என்றான் சுகிர்தன். "வெடி தாட்டிருந்த இடத்துக்கு நேரா வந்து தோண்டியிருக்கிறாங்கள். அந்த இடம் எனக்கும் உனக்கும்தான் தெரியும்."

"நான் சொல்லேல்லை."

"அப்ப ஆர் சொன்னது? கடலோ?"

தவராசா எழுந்து வாசலுக்கு வருமுன் சுகிர்தன் உள்ளே புகுந்து கூட்டை உதைத்தான். கூட்டின் முன்கால் முறிந்தது. மற்ற இருவரும் தகரத்தைப் பிடித்து இழுத்து விழுத்தினார்கள். குஞ்சுகள் காலுக்குள் சிதறி ஓடின. சுகிர்தன் சப்பாத்துக் காலால் அவற்றை மிதித்தான். கோபத்தில் கண்மண் தெரியாமல் மிதித்தான் என்று சொல்ல ஏலாது. குனிந்து, எங்கே ஓடுகின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றாக மிதித்தான்.

தவராசா அவன்மேல் பாய்ந்து கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் பல்லை இறக்கினான். வாய்க்குள் இரத்தம் நிறைந்தது. மற்ற இருவரும் அவனைப் பிய்த்தெடுத்து நிலத்தில் அமத்தினார்கள். ஒருவன் முதுகில் ஏறி இருந்தான். மற்றவன் மொட்டைக் கையை இழுத்து நீட்டிப் பிடித்தான். சுகிர்தன் ஆணி நீட்டிக்கொண்டிருந்த பலகைத் துண்டொன்றை எடுத்து அந்தக் கையில் அடித்தான். திரும்பவும் அடித்தான். எலும்பு தெரிந்தது.

அலவாங்கு வேலியோடு சாத்தியிருந்தது. புஷ்பவதி அதை எடுத்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அவள் சத்தம் போடாமல் வந்து, சுகிர்தனுடைய முழங்காலுக்குக் கீழே வீசினாள். பச்சைத் தடி முறிகிறமாதிரிச் சத்தம் கேட்டது. அவன் விழுந்தான். கால் இருக்கக்கூடாத பக்கத்துக்குத் திரும்பிக் கிடந்தது. கூட வந்தவர்கள் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினார்கள்.

அவள் அலவாங்கை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சுகிர்தனுடைய தலைமாட்டில் நின்றாள். அவன் கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். மண்ணில் கிடந்த தவராசாவுக்கு 'அடி' என்ற சொல் வாய்வரை வந்தது. அவள் அடிப்பாள் என்றுதான் அவன் நினைத்தான். அவள் கனநேரம் அப்படியே நின்றாள். பிறகு அலவாங்கைப் பக்கத்தில் போட்டாள்.

"உனக்காக நான் மறியல்ல கம்பி எண்ண மாட்டன்," என்றாள்.

சத்தம் கேட்டு வந்த அயலவர்கள் ஓட்டோவொன்றைக் கூப்பிட்டார்கள். கிடைத்தது ஒன்றுதான். பின் ஆசனத்தில் ஒரு பக்கம் தவராசா, மறுபக்கம் சுகிர்தன், நடுவில் புஷ்பவதி. மூதூர் போகும்வரை ஒவ்வொரு குழியிலும் சுகிர்தன் அலறினான். தவராசாவின் கையில் சுற்றிய சேலைத் துண்டிலிருந்து இரத்தம் மூன்று பேருடைய மடியிலும் வடிந்தது.

பாதி வழியில் சுகிர்தன் கேட்டான்: "உண்மையைச் சொல்லு மச்சான். நீதானே சொன்னனீ?"

"இல்லை," என்றான் தவராசா. "என்னை மணலில போட்டிட்டுப் போனாய். அண்டைக்குச் சொல்லியிருக்க வேணும்."

ஆசுபத்திரியில் வாக்குமூலம் எடுக்க வந்த பொலிஸ்காரர் கேட்டதற்கு மேலாகவே அவன் சொன்னான். பன்றிவெடி பொய் என்றான். கடலில் செய்த தொழிலைச் சொன்னான். தான் எத்தனையோ தடவை எறிந்ததையும் சொன்னான். புஷ்பவதி கட்டிலடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கட தலையிலயும்தான் விழும்," என்று பிறகு சொன்னாள்.

"விழட்டும்."

விழுந்தது. நீதிமன்றம் தவராசாவுக்கும் தண்டனை கொடுத்தது. அவன் இருக்கிற நிலையைப் பார்த்து அதை ஒத்திவைத்தார்கள். சுகிர்தன் மறியலுக்குப் போய்வந்தான். இப்போது ஒரு காலை இழுத்து நடக்கிறான். புஷ்பவதி அடித்த வழக்கு மத்தியஸ்த சபைக்குப் போய் அங்கேயே முடிந்தது. நேவிக்கு யார் சொன்னதென்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. வெடிபோடும் குடும்பங்கள் சில அவர்களோடு கதைப்பதில்லை. கூட்டுத் தகரத்தில் சிலவேளை கல் விழும். தவராசா வெளியே போய்த் தெருவில் நிற்பான். எறிந்தவர்கள் ஓடிவிட்டிருப்பார்கள்.

மொட்டைக் கையை இன்னும் மேலே வெட்ட வேண்டியதாயிற்று. முழங்கை தப்பியது. காயம் ஆறுமுன்னே கூட்டுக்குப் புதிய கால் நட்டு, அதே தகரத்தை அடித்து நிமிர்த்திப் போட்டான். அன்று வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்குக் கீழே ஒளிந்து தப்பிய சில குஞ்சுகள் அந்தக் கூட்டில் வளர்ந்து பேடும் சேவலுமாயின. ரிப்கா செய்தி கேட்டு மேலும் குஞ்சுகளோடு தானே பஸ்ஸில் வந்தாள். கூட்டைச் சுற்றிப் பார்த்து, வலையை இழுத்துப் பார்த்தாள்.

"கீரிக்கு ஏலாது," என்றாள். "மனுசனுக்கு என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியாது."

தவராசா சாதுவாகிவிட்டான் என்று ஊரில் சொல்கிறார்கள். புஷ்பவதி அப்படிச் சொல்வதில்லை. கோபம் வரும்போது அவன் வீட்டைவிட்டு இறங்கிக் கூட்டடிக்குப் போகிறான், அவ்வளவுதான் என்கிறாள். அங்கே சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக் கொண்டையைக் கிழித்துக்கொள்ளும். அவன் இடையில் காலை விட்டுப் பிரித்துவிடுவான். கணுக்காலெல்லாம் கொத்துக் காயம்.

தீபாவளிக்கு முதல்நாள் ஒருவர் சேவல் கேட்டு வந்தார். உரித்தே தரவேண்டும் என்றார். தவராசா கத்தியை எடுத்துக்கொண்டு போனான். ஒரு கையால் பிடிக்கவும் அறுக்கவும் ஏலாது. சேவல் திமிறி அவனுடைய முகத்தைக் கீறிவிட்டு ஓடியது. வந்தவர் சிரித்தார். புஷ்பவதி அதைத் துரத்திப் பிடித்து வந்து, சிறகையும் காலையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் குந்தினாள்.

"கழுத்தை நான் பிடிக்கிறன். நீங்கள் அறுங்கோ."

அவன் கத்தியைச் சேவலின் கழுத்தில் வைத்தான். கத்தி அவளுடைய விரலுக்குக் கிட்ட இருந்தது.

"பயமில்லையோ?" என்று கேட்டான்.

"பயம்தான்," என்றாள். "ஆடாமல் அறுங்கோ."

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு அறுத்தான். சூடான இரத்தம் இருவருடைய கைகளிலும் பாய்ந்தது. சேவல் அடங்கும்வரை அவள் பிடியை விடவில்லை.